டைனோசரை விடுங்கள், இந்தச் சிப்பியைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. புதைபடிவம் என்றாலே டைனோசர் எலும்புதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு பாறையின் வயது தெரியவேண்டுமென்றால், புவியியலாளர் முதலில் தேடுவது முதுகெலும்பே இல்லாத உயிர்களைத்தான். எலும்புக்கூடு அபூர்வம். கடல் சிப்பிகளோ சில பாறைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கும்.

இதைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். சுருண்டிருக்கிறதே, இது அம்மோனைட், கணவாயின் உறவான, அழிந்துபோன ஒரு கடலுயிரின் ஓடு. மேல் ஓடு தேய்ந்த இடத்தில் இலை ஓரம் மாதிரி நெளிந்து நெளிந்து ஒரு கோடு ஓடுகிறது, தெரிகிறதா? உள்ளே அறை அறையாகத் தடுப்புச் சுவர்கள் உண்டு. அந்தச் சுவர் ஓட்டைத் தொடும் இடம்தான் இந்தக் கோடு. இந்தக் குலத்தின் பழைய வகைகளில் இது எளிமையான வளைவு. டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக், கிரெட்டேசியஸ் காலத்தில் இப்படிச் சிக்கலாகிவிட்டது. ஆக, கோட்டைப் பார்த்தே காலத்தை ஓரளவு ஊகிக்கலாம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த சமயத்தில் இவையும் போய்விட்டன. வேகமாக மாறின, கடல் முழுக்கப் பரவின, ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒரு பாறையின் வயதைச் சொல்ல வேறென்ன வேண்டும்?

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் வில்லியம் ஸ்மித். இங்கிலாந்தில் கால்வாய் வெட்ட நிலம் அளந்தவர். ஒவ்வொரு அடுக்குக்கும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதைக் கவனித்து, 1815-ல் நாட்டின் புவியியல் வரைபடத்தையே வெளியிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது சார்லஸ் லாப்வொர்த்தின் வேலை. அவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஸ்காட்லாந்தின் தெற்கு மலைகளில் கருங்களிப்பாறை திரும்பத் திரும்பத் தலைகாட்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த பிரம்மாண்டமான அடுக்குத் தொடர் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். லாப்வொர்த் அதிலிருந்த கிராப்டோலைட்டுகளை, அதாவது கூட்டமாக வாழ்ந்து அழிந்துபோன சிறு கடலுயிர்களின் படிவங்களை, அடுக்குவாரியாகச் சேகரித்தார். கல்லில் பென்சிலால் கிறுக்கியதுபோல இருக்கும், ஓரத்தில் ரம்பப் பல். ஒரே வரிசை மறுபடி மறுபடி வந்தது. அப்புறம்தான் புரிந்தது: இருப்பது மெல்லிய அடுக்குகள்தான், அவைதான் மடிந்தும் முறிந்தும் திரும்பத் திரும்ப மேலே வந்திருக்கின்றன! 1878-ல் அவர் இதை வெளியிட்டார். அவர் வேலை செய்த டாப்ஸ் லின் என்ற இடம்தான் இன்று, சுமார் 44 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிலூரியன் காலத் தொடக்கத்துக்கு உலக அளவுகோல்.

வயது மட்டுமல்ல, நாளின் நீளமும் கிடைக்கிறது. பவளங்களின் ஓட்டில் நாளுக்கொரு மெல்லிய வளர்ச்சிக்கோடு விழும். 1963-ல் ஜான் வெல்ஸ் என்ற ஆய்வாளர், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலப் பவளங்களில் அதை எண்ணினார். ஆண்டுக்கு ஏறக்குறைய 400 கோடுகள் வந்தன, அதாவது ஆண்டுக்கு 365 அல்ல, 400 நாட்கள். அன்று பூமி வேகமாகச் சுழன்றிருக்கிறது, நாள் குறுகியிருந்தது. நிலவால் எழும் கடல் ஓதங்கள் சுழற்சியை மெல்ல மெல்லக் குறைக்கின்றன என்ற வானியல் கணக்கோடு இது பொருந்திப்போனது.

சரி, ஒரு வேண்டுகோள். அனுமதி உள்ள இடத்தில் புதைபடிவம் கண்ணில் பட்டால் உடனே பெயர்த்து எடுத்துவிடாதீர்கள். முதலில் படம் எடுங்கள், எந்த அடுக்கு, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில சிப்பிகளுக்குள் பாதி வரை சேறும் மேல்பாதியில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் படிகமும் இருக்கும். அந்தச் சேற்றின் மட்டம்தான் அன்றைய கிடைமட்டம். பாறை பின்னால் சாய்ந்ததா, தலைகீழாகப் புரண்டதா என்பதை அதை வைத்தே சொல்லலாம். இடம் தெரியாமல் எடுத்துவந்த கல்லில் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.