இமை தொங்கினால் வெட்ட வேண்டியது தோலையா?

வணக்கம். இன்று குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறேன். பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறார். மேலிமையில் அறுவை சிகிச்சை முடிந்து இன்று ஒன்பதாம் நாள், தையல் பிரித்தாயிற்று.

இரண்டு வருடமாக அம்மா நாளிதழை ஒரு கையில்தான் பிடிப்பார். மறு கையின் ஆள்காட்டி விரல் இடது இமையைத் தூக்கிப் பிடித்திருக்கும். பார்வைக் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை கண்ணாடியை மாற்றினோம். சாயங்காலமானால் நெற்றி வலி. ஏறாத இமையை நாள் முழுக்கப் புருவத்தால் தூக்கினால் வலிக்காமல் என்ன செய்யும்?

முதலில் போன இடத்தில், பெயர் வேண்டாம், ஐந்தே நிமிடத்தில் "தோல் தளர்ந்துவிட்டது, கொஞ்சம் வெட்டிவிடலாம்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் கையில் எடுத்தது ஒரு சின்ன ஸ்கேல். அம்மாவின் புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "கீழே பாருங்கள்... இப்போது மேலே" என்றார். இமை விளிம்பு 13 மில்லிமீட்டர் நகர்ந்தது. தசைக்கு வலு இருக்கிறது. பிறகு டார்ச் அடித்து, கருவிழியில் மின்னும் ஒளிப்புள்ளிக்கும் மேலிமை விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தார். வழக்கமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். அம்மாவுக்கு 1.

இமையைத் தூக்கும் தசைக்கு லிவேட்டர் என்று பெயர். அது ஒரு மெல்லிய நார்ப்பட்டையால் இமையோடு ஒட்டியிருக்கும். வயதாகும்போது அந்தப் பட்டை நெகிழ்ந்து நழுவிவிடுகிறது. வருடக்கணக்காகக் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கும், சிலருக்குக் கண்புரை அறுவைக்குப் பிறகும் இப்படி ஆவதுண்டு. இதுதான் டோசிஸ். வராந்தாவில் மூங்கில் தட்டியின் கயிறு நழுவிவிட்டால், தட்டியின் நுனியை நறுக்கி என்ன பயன்? தோல் மட்டும் மடிந்து தொங்குபவர்களுக்குச் செய்யும் பிளெஃபரோபிளாஸ்டி வேறு சிகிச்சை. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

மயக்க மருந்து கொடுக்கவில்லை, மரத்துப்போகும் ஊசி மட்டும். காரணம், நழுவிய பட்டையை இழுத்துத் தைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவை எழுப்பி உட்கார வைத்துக் கண்ணைத் திறக்கச் சொல்லி உயரத்தைச் சரிபார்த்தார்களாம். "தையல்காரரிடம் ரவிக்கைக்கு அளவு கொடுத்த மாதிரி இருந்தது" என்கிறார் அம்மா.

இடது இமை ஏறியதும் வலது இமை சற்று இறங்கியதுபோலத் தெரிந்தது. பதறிப்போனேன். இரு இமைகளுக்கும் மூளை ஒரே அளவு கட்டளைதான் அனுப்புகிறது. ஒன்றைத் தூக்க அதிகமாக உந்திக்கொண்டிருந்தது குறைந்ததும் மற்றது தாழலாம். மருத்துவர் இதை முன்பே சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இமை திடீரென்று விழுந்து, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, அந்தக் கண்ணின் பாப்பா விரிந்திருந்தாலோ அன்றே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். மூளை ரத்தக்குழாயில் வீக்கம் இருக்கக்கூடும். காலையில் நன்றாக இருந்து மாலையில் தொங்கினால் மயஸ்தீனியா என்ற தசைச்சோர்வு நோயா என்று பார்த்த பிறகுதான் கத்தியைப் பற்றிப் பேச வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தூங்கும்போது அம்மாவின் இடது கண் இன்னும் முழுதாக மூடவில்லை, ஒரு கீற்று திறந்தே இருக்கிறது. சில வாரங்களில் சரியாகும் என்றார்கள். அதுவரை கண் உலராமலிருக்க இரவில் களிம்பு. நேரமாகிவிட்டது, போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.