தடிமன் என்னைப் பிடித்ததா, நான் தடிமனைப் பிடித்தேனா?

(வெள்ளவத்தையில் ஒரு ஞாயிறு மாலை, மொழிபெயர்ப்பில் ஆர்வமுள்ள சிலர் முன் பேசியதன் எழுத்து வடிவம்.)

வணக்கம். ஒலிவாங்கி கொஞ்சம் இரைகிறது. காலி வீதிப் பக்கத்து யன்னலைச் சாத்திவிட்டால் அது எனக்குத் தேவையும் இல்லை. முப்பது வருடம் வகுப்பில் கத்திய தொண்டை இது.

ஒரு பழைய கணக்கைத் தீர்த்துவிட்டுத் தொடங்குகிறேன். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த காலம். ஒரு வாரம் வகுப்புக்கு வராத பையனிடம், ஏன் வரவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வா என்றேன். "என்னைத் தடிமன் (ஜலதோஷம்) பிடித்துவிட்டது" என்பதை அப்படியே ஆங்கிலமாக்கிக் கொண்டுவந்தான். தடிமன் எழுவாய், பையன் செயப்படுபொருள், நடுவில் 'கேட்ச்' என்ற வினையின் இறந்தகாலம். நான் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு இழுத்து, வகுப்பே கேட்க வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் காது சிவந்துபோய் இருந்தது. ஆங்கிலத்தில் ஆள்தான் தடிமனைப் பிடிக்க வேண்டும், தடிமன் ஆளைப் பிடிக்கக் கூடாது. திருத்தியது சரி. அதற்கு மேல் ஒரு அடி நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பல வருடம் கழித்து என் மருமகள், அதாவது அக்காவின் மகள், துருக்கி அரசின் புலமைப்பரிசில் கிடைத்து அங்காராவுக்குப் படிக்கப் போனாள். முதல் வருடம் முழுக்க மொழிப் பாடம்தான். அவளுக்குப் படித்ததை ஒப்பிக்க ஒரு ஆள் வேண்டும், ஓய்வூதியக்காரனான எனக்குப் பொழுது போக வேண்டும். ஆகவே இரவில் வட்ஸ்அப்பில் எனக்கும் பாடம் நடந்தது. ஒரு நாள் இருமிக்கொண்டே சொன்னாள்: "மாமா, கிரிபெ யாக்கலாந்தும்." கிரிப் என்றால் சளிக்காய்ச்சல். யாக்கலாமாக் என்றால் பிடித்தல். அதைச் செயப்பாட்டுவினை ஆக்கி, காய்ச்சலுக்கு நான்காம் வேற்றுமை போட்டால் வருவது இது. சொல்லுக்குச் சொல், "சளிக்காய்ச்சலுக்குப் பிடிபட்டேன்."

அன்றைக்கு எனக்கு அந்தப் பையனின் காது நினைவுக்கு வந்தது. அங்காராவில் பிறந்திருந்தால் அவனுக்குப் புள்ளி போட்டிருப்பார்கள்.

சரி, 'கேட்ச்' என்ற சொல்லின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அது ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை இல்லை. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு (பாருங்கள், அங்கேயும் பிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது) அவர்களுடைய வடபிரெஞ்சுப் பேச்சிலிருந்து உள்ளே வந்தது. அதே லத்தீன் மூலத்திலிருந்து மத்திய பிரெஞ்சு வழியாக வந்த இன்னொரு சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. அது 'சேஸ்', துரத்துதல். ஆகத் துரத்துவதும் பிடிப்பதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். வந்த புதிதில் 'கேட்ச்' என்பதற்கும் துரத்துதல் என்ற பொருள் இருந்தது. இறந்தகாலத்தில் அது 'கோட்' என்று திரிவது, பிடித்தல் என்று பொருள்பட்ட ஒரு பழைய ஆங்கில வினையைப் பார்த்துப் பழகியது. அந்த வினை இன்று பெரும்பாலும் 'லாட்ச்' என்று கதவுக் கொண்டியின் பெயராகத்தான் மிஞ்சியிருக்கிறது.

இது தெரிந்தால் ஆங்கிலத்தின் போக்கு விளங்கும். 'கேட்ச்' என்ற சொல்லுக்குள் இன்னமும் ஓட்டம் இருக்கிறது. பந்து ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, மீன் ஓடுகிறது, கள்ளன் ஓடுகிறான், தடிமன் ஊரெல்லாம் சுற்றுகிறது, ஒருவர் தன் பெயரைச் சொல்லிவிட்டு விறுவிறென்று அடுத்த பேச்சுக்குப் போகிறார். இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலக்காரன் ஒரே வினையோடு பின்னால் ஓடுகிறான்.

துருக்கிக்காரனின் யாக்கலாமாக் வேறு இடத்திலிருந்து வருகிறது. யாக்கா என்றால் சட்டைக் கொலர். கொலரைப் பிடித்து நிறுத்துவதுதான் அந்த வினை. கள்ளனுக்குக் கொலர் உண்டு. காய்ச்சலுக்கும் மழைக்கும் முன்னால் நமக்கும் கொலர் உண்டு. அதனால் மழையில் மாட்டிக்கொண்டாலும் "மழைக்குப் பிடிபட்டேன்" என்பார்கள். பஸ்ஸுக்குக் கொலர் இல்லை. பஸ்ஸையும் கொலரில் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் மருமகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது "ஒத்தோபுஸெ யெத்திஷ்தீம்", பஸ்ஸுக்கு எட்டிவிட்டேன். வெள்ளவத்தைச் சந்தையடியில் புறக்கோட்டை போகிற நூறாம் நம்பர் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி, நடத்துனரின் கை இழுக்க மிதிபலகையில் ஏறியவர்களுக்கு 'எட்டினேன்' என்ற சொல்லின் அருமை தெரியும்.

தமிழுக்கு வருவோம். நம்முடைய 'பிடி'யில் ஓட்டமும் இல்லை, கொலரும் இல்லை. அது கைமுட்டி. ஒரு பிடி சோறு, ஒரு பிடி அரிசி, கத்திப்பிடி. என் அம்மா விசேஷ நாளில் சாணத்தில் பிள்ளையார் பிடிப்பார். ஒரு உருண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரே அமுக்கு. நாலு விரலின் பள்ளமும் அதில் அப்படியே பதிந்திருக்கும். உச்சியில் அறுகம்புல்லைக் குத்தினால் பிள்ளையார் ஆகிவிட்டார். 'பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது' என்பதை ஒரு வெள்ளைக்காரர் தமிழ் படித்த நாளில் என்னிடம் கேட்டார், ஏன் ஐயா உங்கள் கடவுளை வலை போட்டா பிடிக்கிறீர்கள் என்று. குற்றம் அவருடையது இல்லை. அகராதி அவருக்குப் 'பிடி'க்கு நேரே 'கேட்ச்' என்று போட்டுக்கொடுத்துவிட்டது.

கைமுட்டி என்றால் பிடித்ததை விடாமல் வைத்திருக்கும். அதனால்தான் நாங்கள் விரதம் பிடிக்கிறோம். முஸ்லிம் சகோதரர்கள் நோன்பு பிடிக்கிறார்கள். இரும்பில் துருப் பிடிக்கிறது, பாணில் பூஞ்சணம் பிடிக்கிறது. பிள்ளை அடம் பிடிக்கிறது. வாடகைக்கு வீடு பிடிக்கிறோம், வழக்குக்கு லோயர் பிடிக்கிறோம், அவசரத்துக்கு த்ரீவீல் பிடிக்கிறோம். இதில் த்ரீவீலைத் தவிர மற்ற ஒன்றுக்கும் ஆங்கிலக்காரனின் 'கேட்ச்' உதவாது. வீட்டைக் 'கேட்ச்' பண்ணினேன் என்றால், கூரை பறந்ததா என்று கேட்பான்.

இனித்தான் எனக்குத் தூக்கம் கெட்ட இடம். துருக்கியில் 'துத்மாக்' என்று ஒரு வினை இருக்கிறது. பிடித்தல், பிடித்துவைத்திருத்தல். மருமகள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் கொப்பியின் மறுபக்கத்தில் தமிழை எழுதிக்கொண்டு போனேன். ஒருச் துத்மாக்: நோன்பு பிடித்தல். எவ் துத்மாக்: வீடு பிடித்தல், அதுவும் வாடகைக்குத்தான். டாக்சி பிடிப்பதற்கும் சட்டத்தரணி பிடிப்பதற்கும் அதே துத்மாக். மீன் பிடித்தலும் அதுதான், பாலுக் துத்மாக். துருப்பிடித்தலும் பூஞ்சணம் பிடித்தலும் அதுவேதான். ஒருவனுக்குப் பிடிவாதம் வந்தால் அவனுடைய பிடிவாதம் 'துத்து' என்பார்கள், பிடித்துக்கொண்டது. தலையணை சரியில்லாமல் படுத்து எழும்பினால் "போய்னும் துத்துல்து", கழுத்துப் பிடிபட்டது. நாங்கள் கழுத்துப் பிடிப்பு என்று சொல்லித் தைலம் தேடுகிற அதே சமாச்சாரம்.

கொஞ்சம் நில்லுங்கள், அந்தப் 'பாலுக்' என்ற சொல்லில் ஒரு வேடிக்கை. கடைசி உகரத்தை உதடு குவித்துச் சொல்லக் கூடாது. துருக்கிக்காரர் அதைப் புள்ளியில்லாத ஐ என்ற எழுத்தால் எழுதுகிறார்கள். 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியபோது வந்த எழுத்து அது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் அந்த ஒலிக்கு நாக்கைப் பிய்த்துக்கொள்வார். நமக்கு அது மிக நெருங்கிய ஒலி. 'வீடு', 'காது' என்று சொல்லும்போது கடைசியில் வருகிற குற்றியலுகரத்தைச் சொல்லிப் பாருங்கள். ஏறக்குறைய அதுதான். மருமகளின் ஆசிரியை மூன்று நாடுகளின் மாணவர்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது இவள் பேசாமல் இருந்து பாராட்டு வாங்கிவிட்டாள்.

இன்னும் ஒன்று. 2019 டிசம்பர் 26, நம் வடக்கில் சூரியன் வளையமாகத் தெரிந்த நாள். இங்கே கொழும்பில் கடித்த பிஸ்கட் மாதிரித்தான் தெரிந்தது. கிரகணம் பிடித்தது என்கிறோம். கிரகணம் என்ற வடசொல்லுக்கே பிடித்தல் என்றுதான் பொருள், ஆகப் பிடித்தலைப் பிடிக்கவைக்கிறோம். துருக்கியில் சூரிய கிரகணத்துக்குக் 'குனேஷ் துத்துல்மாசு' என்று பெயர். சூரியன் பிடிபடுதல்.

இந்த இடத்தில் மண்டபத்தில் சிலர் முகத்தில் ஒரு வெளிச்சம் வருவதைப் பார்க்கிறேன். எனக்கு அது தெரியும். துருக்கியும் தமிழிலிருந்து பிறந்ததுதான் என்று வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கட்டுரை எழுதத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். 1856இல் கால்டுவெல் தன் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைச் 'சித்திய' மொழிகள் என்ற ஒரு பெருங்கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தார், துருக்கியும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்பதில்லை. வினை கடைசியில் வருவதும், விகுதிக்கு மேல் விகுதி ஒட்டுவதும் இரண்டுக்கும் பொது. அது சாடை. சாடையை வைத்து உறுதி முடிக்க முடியாது. எனக்கு உறவு இல்லாததுதான் அதிசயமாக இருக்கிறது. ஒன்றையொன்று பார்க்காத இரண்டு கூட்டம் நோன்பையும் துருவையும் வாடகை வீட்டையும் ஒரே கைமுட்டிக்குள் வைத்திருக்கின்றன.

எல்லாம் ஒத்துப்போகிறது என்றும் நினைக்கக் கூடாது. இஸ்தான்புல்லில் எமினோனுவிலிருந்து கடிக்கோய்க்குக் கப்பலில் போனபோது மருமகள் அனுப்பிய குரல்பதிவு: "பெனி தெனிஸ் துத்து." கடல் என்னைப் பிடித்துவிட்டது. நான் பதறிப்போனேன். அலை இழுத்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். விசாரித்தால், தலைசுற்றலும் வாந்தியும்தான். காரில் போய் வாந்தி வந்தாலும் கார் பிடித்துவிட்டது என்பார்களாம். அதே போல "எந்த அணியைப் பிடிக்கிறாய்?" என்று அங்கே கேட்டால், கலத்தசராயா, ஃபெனர்பாஹ்ச்செயா, எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று பொருள். 'எனக்குப் பிடிக்கும்' என்கிற நம்முடைய பிடித்தலுக்கு வெகு பக்கத்தில் வந்து, ஒரு அங்குலம் தள்ளி நிற்கிறது.

சிலதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தீ விஷயத்தில் ஆங்கிலத்தில் வீடு தீயைப் பிடிக்கும், தமிழில் வீட்டில் தீப் பிடிக்கும். சிங்களத்தில் 'கினி கன்னவா', தீயை எடுத்துக்கொள்ளும். துருக்கியிலும் சுடரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல ஒரு வழி உண்டு. கண்ணில் படுவது துருக்கியில் கண்ணில் மோதுவது. 'முந்துகிற பறவைதான் புழுவைப் பிடிக்கும்' என்ற ஆங்கிலப் பழமொழிக்கு அங்கே பறவையும் இல்லை, புழுவும் இல்லை: 'முந்தி எழும்புகிறவன் வழி எடுப்பான்.' அப்புறம், மலிவாக ஒரு காணி வருகிறது என்றால் ஆங்கிலக்காரன் "இதில் 'கேட்ச்' என்ன?" என்பான். நாங்கள் இதில் ஏதோ சூது இருக்கு என்போம். துருக்கிக்காரன் "இதில் ஒரு பேன் கடித்த தடம் இருக்கு" என்பான். எனக்கு அவனுடையதுதான் அதிகம் பிடிக்கிறது. சூது கண்ணுக்குத் தெரியாது. பேன் கடித்த இடம் அரிக்கும்.

கிரிக்கெட் இல்லாமல் கொழும்பில் பேச்சை முடித்தால் விடமாட்டீர்கள். பத்திரிகையில் 'பிடிகொடுத்து ஆட்டமிழந்தார்' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் பிடித்தவனுக்குத்தான் பெருமை. தமிழில் அடித்தவன் ஏதோ தானாகக் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி இருக்கிறது. ஆனால் அதே பிடியைக் கொடுக்காமல் பேசுகிற ஆட்களையும் நமக்குத் தெரியும். என்ன கேட்டாலும் பிடிகொடுக்க மாட்டார்கள், வருடக்கணக்கில் ஆட்டமிழக்கவும் மாட்டார்கள். பெயர் சொல்லத் தேவையில்லை.

இப்போது மொழிபெயர்க்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். 'கேட்ச்' என்று கண்டால் அகராதியைத் திறக்கும் முன் தாளின் ஓரத்தில் இரண்டு கேள்வி எழுதுங்கள்: யார் ஓடுகிறார்கள்? கடைசியில் யாருடைய கையில் யார்? அந்தப் பையனின் வசனத்துக்குப் பக்கத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது அதுதான், இரண்டு சிவப்புக் கோடு அல்ல.

கேள்வி ஏதும்...? அம்மா, சொல்லுங்கோ.

காக்கா பிடிக்கிறதுக்குத் துருக்கியில் என்னவா? நல்ல கேள்வி. கால் கை பிடிப்பதுதான் காக்கா ஆனது என்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் பந்தம் பிடிக்கிறது என்போம். துருக்கியில் 'யா செக்மெக்', எண்ணெய் இழுத்தல். அந்தச் சொல் எண்ணெய்க்கும் பொது, கொழுப்புக்கும் பொது. ஆங்கிலக்காரன் வெண்ணெய் பூசுகிறான். என்னம்மா? பந்தத்துக்கும் எண்ணெய் ஊற்றத்தானே வேணும் என்கிறீர்களா? இதை நான் என் கொப்பியில் எழுதிக்கொள்கிறேன். பின்னால் பிளேன்ரீ ஊற்றி வைத்திருக்கிறார்கள், ஆறமுன் வாருங்கள்.