மதத்துக்கு விழுந்த வாக்கா, ஆளுக்கு விழுந்த வாக்கா? புதுச்சேரித் தேர்தல் முடிவுகளைப் படிப்பது எப்படி

[திரையில்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் தனித்தனி நிறத்தில்]

வணக்கம். 2021 சட்டமன்றத் தேர்தலில் புதுச்சேரியில் பாஜக ஒன்பது தொகுதிகளில் நின்று ஆறில் வென்றது. தோற்ற மூன்றில் ஒன்று திருநள்ளாறு. சனிப்பெயர்ச்சி என்றால் நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து குவியும் கோயில் ஊர் அது. அங்கே வென்றவர் சுயேச்சையாக நின்ற பி.ஆர். சிவா. வென்ற ஆறில் காமராஜ் நகர், நெல்லித்தோப்பு இரண்டையும் பிடித்தவர்கள் ஜான்குமாரும் அவர் மகன் ரிச்சர்ட்ஸும். "இந்து ஓட்டு திரண்டுவிட்டது" என்று எழுதினவர்களும் உண்டு, "சிறுபான்மை ஓட்டு சிதறிவிட்டது" என்று எழுதினவர்களும் உண்டு. இந்த இரண்டு முடிவுகளையும் அந்தக் கணக்கில் எங்கே வைப்பது?

ஒரு கட்சியின் வாக்கு ஏறினாலோ இறங்கினாலோ அதற்கு மதம்தான் காரணம் என்று சொல்வதற்கு முன் எதையெல்லாம் கழித்துப் பார்க்க வேண்டும், எண்களை எந்தத் தாளில் தேட வேண்டும், சட்டம் எங்கே கோடு போடுகிறது என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

[திரையில்: 2011 மக்கள்தொகைக் கணக்கு]

முதலில் அடிப்படை எண்கள். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 12,47,953. இந்துக்கள் சுமார் 87 சதவீதம், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஆளுக்குச் சுமார் 6 சதவீதம். ஆனால் இந்தச் சராசரியை வைத்து எதையும் பேச முடியாது. காரைக்காலில் முஸ்லிம்களின் பங்கு இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மாஹேயில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முஸ்லிம். அந்த மாஹேயில் 2021இல் போட்டி காங்கிரஸுக்கும் இடதுசாரி ஆதரவு சுயேச்சைக்கும் இடையேதான். 300 வாக்கு வித்தியாசத்தில் காங்கிரஸ் வென்றது. கேரளத்து அரசியல் அப்படியே அங்கே ஓடுகிறது. ஏனாமில் ஆந்திரக் காற்று. என்.ஆர். காங்கிரஸ் தலைவர் ரங்கசாமியே அங்கே 655 வாக்கில் ஒரு சுயேச்சையிடம் தோற்றார், தட்டாஞ்சாவடியில் வென்றதால் முதல்வரானார். 30 தொகுதிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி "புதுச்சேரி வாக்காளர்" என்று பேசுவது முதல் தப்பு.

கொஞ்சம் பின்னால் போவோம். மதமும் தனிநபர்ச் சட்டமும் (திருமணம், வாரிசுரிமைக்கு அவரவர் மத வழக்கப்படியான சட்டம்) வாக்காளர் பட்டியலிலேயே ஏறியிருந்த காலம் இந்த ஊருக்கு உண்டு. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, தங்கள் தனிநபர்ச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க விரும்பியவர்கள் அப்படிச் செய்யலாம் என்றானது. அவர்களை ரெனோன்சான் என்றார்கள். பொன்னுத்தம்பிப் பிள்ளை அந்தத் தரப்பின் முன்னணி ஆள். 1884இல் வாக்காளர்கள் மூன்று பட்டியலாகப் பிரிக்கப்பட்டார்கள்: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். துறக்காத இந்துக்களின் தலைவராக சண்முக வேலாயுத முதலியார் பல ஆண்டுகள் கோலோச்சினார். ஆக, மத அடையாளத்தை வைத்துக் கட்சி கட்டுவது இங்கே நேற்று முளைத்த சங்கதி இல்லை.

[திரையில்: 2016, 2021 அட்டவணை]

இப்போது இக்காலக் கணக்கு. 2016இல் பாஜக 30 தொகுதியிலும் நின்றது. வாக்கு சுமார் 2.4 சதவீதம், ஓர் இடமும் இல்லை. 2021இல் ஒன்பதே தொகுதி, சுமார் 13.7 சதவீதம், ஆறு இடம். ஐந்து வருடத்தில் ஊருக்குப் பக்தி ஐந்து மடங்கா கூடிவிட்டது? கூடவில்லை. வேறு மூன்று விஷயங்கள் நடந்தன.

ஒன்று, என்.ஆர். காங்கிரஸ், அதிமுக கூட்டணி. அந்த 13.7 சதவீதத்தில் கூட்டணிக் கட்சிகளின் வாக்கும் கலந்திருக்கிறது. அதைத் தாமரையின் சொந்த வாக்கு என்று எடுத்து 2.4உடன் ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

இரண்டு, ஆள் மாற்றம். காங்கிரஸின் மாநிலத் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த நமச்சிவாயம் 2021 ஜனவரியில் பாஜகவுக்குப் போனார். காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஜான்குமாரும் பின்னாலேயே போனார். பிப்ரவரி 22இல் நாராயணசாமி அரசு விழுந்தது. 15 இடம் வைத்திருந்த காங்கிரஸ், தேர்தலில் 2க்கு இறங்கியது.

மூன்றாவது, தொகுதியின் அளவு. இதைத்தான் வெளியூர் விமர்சகர்கள் தவறவிடுகிறார்கள். 2021இல் புதுச்சேரியில் சுமார் 10 லட்சம் வாக்காளர்கள், 30 தொகுதிகள். ஒரு தொகுதிக்குச் சராசரி 33 ஆயிரம் பேர்தான். தமிழ்நாட்டில் அப்போது ஒரு தொகுதிக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேல். 33 ஆயிரம் பேர் என்றால் சட்டமன்ற உறுப்பினருக்குத் தெருத் தெருவாக ஆளைத் தெரியும். காதுகுத்து, சாவு, பள்ளிக் கட்டணம், ஜிப்மரில் படுக்கை எல்லாவற்றுக்கும் அவர் வீட்டு வாசல்தான். அவர் கட்சி மாறினால் பின்னாலேயே ஒரு பகுதி வாக்கும் மாறும். அதில் மதம் தேடுவது வீண்.

கோயில், சர்ச், பள்ளிவாசல் நிகழ்ச்சிகளில் அரசியல்வாதிகள் நிற்பதையும் இந்த அளவுகோலிலேயே பாருங்கள். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரின் வடத்தைப் பிரெஞ்சு ஆளுநர் காலத்திலிருந்தே ஆட்சியில் இருப்பவர்கள் இழுக்கிறார்கள். கும்பாபிஷேக நன்கொடை, மாதா கோயில் கொடியேற்றம், இஃப்தார் விருந்து, எல்லாக் கட்சியும் எல்லாவற்றிலும் தலைகாட்டும். எல்லாரும் செய்வதால் அதனால் யாருக்கும் தனி லாபம் இல்லை. போகாமல் இருந்தால்தான் நஷ்டம்.

[திரையில்: 2014, 2019, 2024 மக்களவை முடிவுகள்]

சட்டமன்றத்தில் ஆள், மக்களவையில் கட்சி என்று வைத்துக்கொண்டால், மதத்தின் பங்கை அளக்க மக்களவைத் தேர்தல்தான் சரியான இடம் என்று தோன்றும். பார்ப்போம்.

2024இல் காங்கிரஸ் வைத்திலிங்கம் 4,26,005. பாஜக நமச்சிவாயம் 2,89,489. வித்தியாசம் 1,36,516. "தாமரைச் சின்னத்தைப் பார்த்ததும் சிறுபான்மையினர் மொத்தமாக எதிர்த்துப் போட்டார்கள்" என்பதுதான் அன்று எல்லா வாயிலும் இருந்த விளக்கம்.

ஆனால் 2019ஐப் பாருங்கள். அப்போது கூட்டணி வேட்பாளர் என்.ஆர். காங்கிரஸ்காரர், தாமரை களத்திலேயே இல்லை. அவர் தோற்றது 1,97,025 வாக்கில், 2024ஐவிட அதிகம். சின்னம் தாமரையாக மாறியபோது தோல்வியின் ஆழம் குறைந்திருக்கிறது, கூடவில்லை. அதுவும் 2024இல் அதிமுக தனியே நின்றுவிட்டது. அதன் வாக்கு முழுவதையும் நமச்சிவாயத்தோடு கூட்டினாலும் வைத்திலிங்கத்தை எட்டாது, அது வேறு. சின்னத்தின் மேல் மட்டும் பழிபோட இந்த எண்கள் இடம் தரவில்லை. தில்லி ஆட்சி யாருக்கு என்ற கேள்வி, சின்னம் எதுவானாலும் கூட்டணி முழுவதன் மேலும் விழுந்தது என்று படிப்பதே பொருத்தம்.

2014ஓ நேர்மாறு. பாஜக அணியில் நின்ற என்.ஆர். காங்கிரஸின் ராதாகிருஷ்ணன் 60,854 வாக்கில் காங்கிரஸின் நாராயணசாமியை வென்றார். அந்தமுறை திமுக காங்கிரஸோடு இல்லை. காரைக்காலின் ஏ.எம்.எச். நாஜிமை நிறுத்தித் தனியே வாங்கியது 60 ஆயிரத்துக்குச் சற்று மேல். வித்தியாசமும் ஏறக்குறைய அதே அளவு. கூட்டணிக் கணக்கே இவ்வளவை விளக்கிவிடும்போது மதத்துக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

பக்கத்து கடலூரில் இந்த ஒப்பீடுகூட முடியாது. 2024இல் அங்கே பாஜக அணிக்காக நின்றது பாமகவின் மாம்பழம். அந்த வாக்கில் எவ்வளவு சமுதாய வாக்கு, எவ்வளவு மோடி வாக்கு என்று பிரிக்க வழியே இல்லை.

[திரையில்: படிவம் 20, ஒரு பக்கம் பெரிதாக்கி]

அப்படியானால் பூத் கணக்கு? அதற்கான தாள் படிவம் 20. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை என்று வரிசையாக இருக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். இதைப் படிக்கும்போது நாலு இடத்தில் கால் இடறும்.

தொகுதி எல்லை: இப்போதைய 30 தொகுதிகளின் எல்லையில் முதல் சட்டமன்றத் தேர்தல் நடந்தது 2011இல். அதற்கு முந்தைய முடிவோடு தொகுதிவாரியாக ஒப்பிடாதீர்கள்.

பூத் எண்: வாக்காளர் எண்ணிக்கை கூடினால் பூத்தைப் பிரிப்பார்கள், எண்கள் தள்ளிப்போகும். 2016இன் 14ஆம் பூத் 2021இல் 15ஆக இருக்கலாம். எண்ணை விட்டுவிட்டு, வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில் உள்ள தெருப் பெயர்களை வைத்துப் பொருத்துங்கள்.

தபால் வாக்கு: அது பூத் கணக்கில் வராது, கடைசியில் தனி வரியாக நிற்கும். 300 வாக்கில் முடிவாகும் தொகுதிகளில் அந்த ஒரு வரி முக்கியம்.

நாலாவதுதான் பெரிய குழி. வாக்காளர் பட்டியலில் மதம் என்று ஒரு கட்டம் கிடையாது. கட்சிக்காரர்கள் பெயரைப் பார்த்து ஊகிக்கிறார்கள். புதுச்சேரியில் இந்துப் பெயரோடு சர்ச்சுக்குப் போகிறவர்கள் ஏராளம் என்பதால் அந்த ஊகம் பாதி வழியிலேயே விழுந்துவிடும். ஊகம் சரியென்றே வையுங்கள். ஒரு மாதிரிக் கணக்கு: 1,000 வாக்கு விழுந்த பூத்தில் 300 பேர் முஸ்லிம்கள், காங்கிரஸுக்கு 600 வாக்கு. அந்த 300 பேரில் காங்கிரஸுக்குப் போட்டவர்கள் எத்தனை பேர்? 300ஆகவும் இருக்கலாம், ஒருவர்கூட இல்லாமலும் இருக்கலாம். மற்ற 700 பேரிடமிருந்தே 600 வந்திருக்க முடியும். இதே 1,000இல் 900 பேர் முஸ்லிம்கள், கட்சிக்கு 700 வாக்கு என்றால், அவர்களில் குறைந்தது 600 பேர், அதிகபட்சம் 700 பேர் என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரே சமூகத்தவர் மிகுதியாக உள்ள பூத்தில்தான் எண்கள் பேசும். கலந்து வாழும் தெருக்களில் பேசாது. புதுச்சேரியில் அப்படிக் கலந்த பூத்துகள் நிறைய.

[திரையில்: ஐந்து தனித்தொகுதிகள்]

வாக்கில் மதத்தை அளப்பது இவ்வளவு கடினம். ஆனால் விதிகளில் அது வெளிப்படையாகவே இருக்கிறது. திருபுவனை, ஊசுடு, ஏம்பலம், நெட்டப்பாக்கம், நெடுங்காடு ஐந்தும் தனித்தொகுதிகள், அதாவது பட்டியல் சாதியினர் மட்டுமே வேட்பாளராக நிற்கக்கூடியவை. பட்டியல் சாதி ஆணைகளின்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவார்கள். ஒரு தலித் கிறிஸ்தவர் இந்த ஐந்திலும் வாக்குப் போடலாம், வேட்பாளராக முடியாது. மதம் ஒருவரை வேட்புமனுவிலேயே தடுக்கும் இடம் இது. இதைப் பற்றி மேடைகளில் பேச்சு குறைவு.

சபையில் கட்சி பலம் வாக்கால் மட்டும் வருவதில்லை என்பதும் புதுச்சேரியின் தனிக்குணம். ஒன்றிய அரசு மூன்று பேரை நியமிக்கலாம். 2016இல் ஓர் இடமும் வெல்லாத பாஜகவுக்கு 2017இல் அந்த வழியில் மூன்று உறுப்பினர்கள் வந்தார்கள். 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. "ஆதரவு பெருகியது" என்ற செய்தியில் இந்த மூன்றையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

[திரையில்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951, பிரிவு 123(3)]

கடைசியாக, மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது. பிரிவு 123(3) இதை ஊழல் நடவடிக்கை என்கிறது. 2017 ஜனவரி 2இல் அபிராம் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு 4க்கு 3 என்ற பெரும்பான்மையில் இதை விரிவாக்கியது. வேட்பாளரின் மதத்தைச் சொன்னாலும் குற்றம், வாக்காளரின் மதத்தைச் சொன்னாலும் குற்றம்.

ஆனால் பேச்சு யாருடையது என்பதில்தான் பெரும்பாலான புகார்கள் உடைகின்றன. வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ பேசியிருக்க வேண்டும். வேறொருவர் பேசியிருந்தால், அந்த இருவரில் ஒருவரின் சம்மதத்தோடுதான் பேசினார் என்று நிரூபிக்க வேண்டும். மடாதிபதியோ பங்குத்தந்தையோ ஜமாத் தலைவரோ தாமாக "இவருக்குப் போடுங்கள்" என்றால் இந்தப் பிரிவில் மாட்டுவது கடினம். வழிபாட்டுத் தலத்துக்குள்ளேயே பிரசாரம் என்றால் அது நடத்தை விதி மீறல், தனிக் கணக்கு. அதற்குத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி இருக்கிறது. செயலிக்குள்ளேயே படமோ வீடியோவோ எடுக்க வேண்டும், கேலரியில் இருப்பதை ஏற்ற முடியாது. 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் விதி.

தேர்தலையே ரத்து செய்யக் கேட்பதென்றால் தேர்தல் மனு. புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். அந்தத் தொகுதியின் வாக்காளரோ வேட்பாளரோ முடிவு அறிவித்த 45 நாளுக்குள் போட வேண்டும். 46ஆம் நாள் போனால் காரணம் என்னவானாலும் எடுக்க மாட்டார்கள். எந்த இடம், எந்தத் தேதி, யார், என்ன சொன்னார் என்று முழு விவரமும் மனுவில் வேண்டும், கூடவே படிவம் 25இல் உறுதிமொழிப் பத்திரம். நிரூபணத்தின் அளவு ஏறக்குறைய கிரிமினல் வழக்கு அளவு. வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த வீடியோவை மட்டும் கொண்டு போனால் எடுபடாது. எடுத்தவர் யார், எந்தக் கருவி என்பது தெரிய வேண்டும், மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை முதல் அது பாரதிய சாட்சிய சட்டத்தின் பிரிவு 63இன் கீழ் வருகிறது. எடுத்த போனையே மாற்றிவிட்டு, ஃபார்வர்டு மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இந்தச் சான்றிதழைத் தர ஆள் கிடைக்க மாட்டார்.