மெல்லக் கூப்பிட்டால் திரும்பிய இரும்பு

எல்லோருக்கும் வணக்கம். நம் திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை மான்களில் இருந்தே தொடங்குகிறேன். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் கையை நீட்டிச் சத்தம் போடாமல் நின்றால் மான் கிட்ட வரும், பக்கத்தில் ஓர் ஆட்டோ ஹோர்ன் அடித்தால் கழுத்தை வெட்டிக்கொண்டு விலகிப் போகும். சின்னப் பிள்ளைகள்கூட அந்த இடத்தில் தாங்களாகவே குரலைத் தாழ்த்துவார்கள், யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இதை இரும்பில் செய்த ஒரு சிற்பி இருந்தார், எட்வர்ட் இக்னாடோவிச். போலந்தில் பிறந்து, போர் துரத்த அகதியாக அலைந்து, 1943இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவர். பிலிப்ஸ் நிறுவனத்துக்காக அவர் செய்த ‘சென்ஸ்டர்’ என்ற ரோபோ சிற்பம் 1970இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில், எவலுவான் கண்காட்சி மண்டபத்தில் நின்றது. வெல்டிங் செய்த இரும்புக் குழாய் உடம்பு, சுமார் 15 அடி நீளம், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் மூட்டுகள். அந்த மூட்டுகள் எப்படி மடங்க வேண்டும் என்பதற்கு அவர் பார்த்துப் படித்தது சிங்கி இறாலின் கொடுக்கை! நம் மீனவர்கள் கையில் அதை எத்தனை தடவை பார்த்திருப்போம், ஒரு கீல் இப்படியும் வேலை செய்யலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

தலையில் மைக்குகளும் ரேடாரும். மெல்லப் பேசினால் சத்தம் வந்த பக்கம் கழுத்தை நீட்டும், கத்தினால் பின்வாங்கும். மெதுவான அசைவு அதை இழுக்கும், திடீரென்று கையை வீசினால் ஒதுங்கும். அதற்குக் கொடுத்திருந்த விதிகள் கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஆனால் மண்டபத்தின் எதிரொலியும், அடுத்த நிமிடம் என்ன செய்வார்கள் என்று சொல்லமுடியாத சனமும் சேர்ந்தபோது அது கூச்சப்படுகிறது, ஆசைப்படுகிறது என்றெல்லாம் தெரிந்தது.

இதற்கு முன்பே, 1956இல், நிக்கொலா ஷோஃபர் என்ற சிற்பியின் சிஸ்ப் 1 என்ற அசையும் சிற்பம் பிரான்சின் மார்செய் நகரில் நடன அமைப்பாளர் பெஜாரின் பாலே நடனக்காரர்களோடு ஆடியிருக்கிறது. சரி, அதுவும் பெரிய விஷயம்தான், ஆனால் அங்கே ஆடுகிறவர் வேறு, பார்க்கிறவர் வேறு. நம்முடைய கூத்திலும் களரியைச் சுற்றி உட்கார்ந்துதானே பார்க்கிறோம். சென்ஸ்டர் முன்னால் களரியே சனத்துக்குள் வந்துவிட்டது, அதன் பார்வை தன் பக்கம் திரும்பட்டும் என்று ஒருவர் குரலைக் குறைக்கிறார், நடையைக் குறைக்கிறார். அந்த ஆட்டம்தான் கலை என்று நான் நினைக்கிறேன்.

சில வருடங்களிலேயே அதைக் கழற்றிவிட்டார்கள். வெறும் எலும்புக்கூடாகப் பல காலம் கிடந்து, 2018இல் போலந்தின் கிராக்கோவ் நகரில் திரும்பவும் அசைந்தது.

ஒரு சின்ன சென்ஸ்டரை நம் கடற்கரையில் வைக்க எனக்கு ஆசை. மோட்டாரும் மைக்கும் இப்போது மலிவு, வெல்டிங் தெரிந்த பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள். இடிக்கிறதெல்லாம் அலைச் சத்தமும் ஒலிபெருக்கியும்தான்: எந்த அளவு சத்தத்துக்கு அது பின்வாங்க வேண்டும்? அதை அளக்காமல் ஒரு கம்பிகூட வெட்டமுடியாது. அப்புறம், பின்னேரம் ஐந்து மணிக்கு ஃபோனோடு என்னுடன் கடற்கரைக்கு வந்து சத்தம் அளக்க யார் யார் தயார், கையைத் தூக்குங்கள்.