ஜவானா சேர்ந்தவர் ராணுவ ஹெலிகாப்டர் பைலட் ஆக முடியுமா? சந்தேகமும் விளக்கமும்

அடுத்த கேள்விக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பதில் சொல்றேன். ஒரு தம்பி கேட்டிருக்கார்: "சார், நான் ராணுவத்துல சிப்பாய், சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு. வயசு 22. தொலைநிலைக் கல்வியில பி.ஏ. ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். எனக்கு ஹெலிகாப்டர் பைலட் ஆகணும். சர்வீஸ்ல இருந்துக்கிட்டே ஆக முடியுமா, இல்ல டிஸ்சார்ஜ் வாங்கிட்டு வரணுமா? பைலட் ஆக முடியலைன்னா ஹெலிகாப்டர்ல வேற என்ன வேலை இருக்கு?"

டிஸ்சார்ஜ் வாங்க வேண்டாம், தம்பி. முதல்ல அதைச் சொல்லிடறேன். வெளிய வந்தா, அதிகாரி ஆகிறதுக்கு ஏசிசின்னு இருக்கிற ஒரு வழி உங்களுக்கு மூடிடும். சர்வீஸ்ல இருக்கிறவங்களுக்கு மட்டுமே உள்ள வழி அது.

இப்ப அடிப்படை விஷயம். நம்ம நாட்டுல ராணுவ ஹெலிகாப்டரை ஓட்டுறவங்க அதிகாரிகள் மட்டும்தான். சிப்பாய், நாயக், ஹவில்தார் ரேங்க்ல இருந்துக்கிட்டே பைலட் ஆகிற ஏற்பாடு இல்ல. இதுல நிறைய பேருக்குக் குழப்பம் வருது, ஏன்னா இணையத்துல பார்க்கிற வீடியோ முக்கால்வாசி அமெரிக்க ராணுவத்தைப் பத்தினது. அங்க வாரண்ட் ஆபீசர்னு தனியா ஒரு ரேங்க் இருக்கு. சாதாரண சோல்ஜர் அதுக்கு நேரா விண்ணப்பம் போட்டு, தேர்வாகி, பறக்கும் பயிற்சிக்குப் போயிடலாம். பிரிட்டிஷ் ராணுவத்துல சார்ஜென்ட் ரேங்க்ல இருக்கிறவங்களே ஹெலிகாப்டர் ஓட்டுறாங்க. அந்த விதிகளை மனசுல வெச்சுக்கிட்டு இங்க தேடினா வருஷம்தான் வீணாகும். இங்க முதல்ல கமிஷன், அதாவது அதிகாரி பதவி வாங்கணும், அப்புறம்தான் பறக்கிறதுக்குத் தேர்வு. ரெண்டுக்கும் நடுவுல வயசு ஓடிக்கிட்டே இருக்கும். அதனால எந்த வழின்னு முடிவு பண்றப்ப, "எது சுலபம்"னு கேட்காதீங்க. "எந்த வழியில போனா சின்ன வயசுல கமிஷன் கிடைக்கும்"னு கேளுங்க.

முதல் வழி ஏசிசி, ஆர்மி கேடட் காலேஜ். டேராடூன்ல இந்தியன் மிலிட்டரி அகாடமிக்குள்ளயே (ஐஎம்ஏ) இருக்கு. வயசு 20-லேருந்து 27, பிளஸ் டூ பாஸ், குறைஞ்சது 2 வருஷ சர்வீஸ். உங்க யூனிட் வழியாத்தான் விண்ணப்பம் போகும். எழுத்துத் தேர்வு, அப்புறம் எஸ்எஸ்பி (அதிகாரித் தேர்வு வாரியத்தோட நேர்முகச் சோதனை), அப்புறம் மெடிக்கல். தேர்வானா 3 வருஷம் ஏசிசில படிப்பு, ஜேஎன்யு பட்டம் கிடைக்கும். அதுக்கு மேல 1 வருஷம் ஐஎம்ஏ பயிற்சி. ஆக மொத்தம் 4 வருஷம். முடிச்சா லெப்டினன்ட், பெர்மனென்ட் கமிஷன், அதாவது ஓய்வு வயசு வரைக்கும் அதிகாரி.

கணக்கைப் பாருங்க. 22 வயசுல உள்ள போனா 26-ல அதிகாரி. 27-ல போனா 31. வயசு வரம்பு 27 வரைக்கும் இருக்கேன்னு மெதுவா இருக்கிறவங்களுக்கு அதிகாரி ஆகிறதுல ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா பறக்கிற வாய்ப்பு கிட்டத்தட்ட போயிடும், ஏன்னா ஏவியேஷனுக்கு இளம் அதிகாரிகளைத்தான் எடுப்பாங்க.

ரெண்டாவது வழி சிடிஎஸ், முப்படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க யுபிஎஸ்சி வருஷத்துக்கு ரெண்டு தடவை நடத்துற தேர்வு. இது வெளிய இருக்கிற பசங்களுக்குத்தான்னு பல ஜவான்கள் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அப்படி இல்ல. பட்டம் இருக்கணும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, வயசு வரம்புக்குள்ள இருக்கணும். அவ்வளவுதான். அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகத்துல தொலைநிலையில வாங்கின பட்டமும் செல்லும். கடைசி வருஷம் படிக்கிறப்பவே எழுதலாம், பட்டத்துக்கான சான்றை அவங்க சொல்ற தேதிக்குள்ள காட்டணும். சர்வீஸ்ல இருக்கிறதால யூனிட்ல எழுத்து மூலமா தெரியப்படுத்திட்டு எழுதுங்க. மறைச்சு எழுதிட்டு, எஸ்எஸ்பிக்குக் கூப்பிட்டப்புறம் தடையில்லாச் சான்று கிடைக்காம நின்னு போறது அடிக்கடி நடக்குது.

ஐஎம்ஏவுக்கு வயசு 19-லேருந்து 24, சென்னை ஓடிஏவுக்கு (ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமி) 25 வரைக்கும். இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. வயசைப் பரீட்சை எழுதுற நாளை வெச்சுப் பார்க்க மாட்டாங்க. ஏப்ரல் மாசம் நடக்கிற தேர்வுல தேர்வாகிறவங்களுக்கு ஐஎம்ஏ கோர்ஸ் அடுத்த ஜனவரியில தொடங்கும், செப்டம்பர் தேர்வுன்னா அடுத்த ஜூலையில. அந்தத் தொடக்கத்தை ஒட்டித்தான் பிறந்த தேதி வரம்பு போடுவாங்க. "எனக்கு 23 தானே, இன்னும் ஒரு வருஷம் இருக்கு"ன்னு உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்த நேரம் கடைசி வாய்ப்பா இருக்கலாம். உங்க கணக்குப்படி, பி.ஏ. மூணாவது வருஷம் தொடங்கின உடனே எழுதணும். ஐஎம்ஏவுக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான் கிடைக்கும், ஓடிஏவுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு கூட.

ஐஎம்ஏவுக்கு இங்கிலீஷ், பொது அறிவு, கணக்கு, மூணும் தலா 100 மார்க். கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான், ஆனா வேகம் வேணும். தப்பான பதிலுக்கு மூணுல ஒரு பங்கு மார்க் கழியும். ஓடிஏவுக்குக் கணக்கு கிடையாது. பயிற்சி ஐஎம்ஏல 18 மாசம், ஓடிஏல 49 வாரம். ஓடிஏ கமிஷன் ஷார்ட் சர்வீஸ், 10 வருஷம், இன்னும் 4 வருஷம் நீட்டிக்கலாம்.

பாருங்க, ஏசிசியை விட இதுல ரெண்டரை வருஷம் மிச்சம். அதனால என் கருத்து, ஏசிசிக்கு இப்பவே விண்ணப்பம் போடுங்க, சிடிஎஸ்ஸுக்கும் படிங்க. ஒண்ணுக்குப் படிக்கிற இங்கிலீஷும் கணக்கும் இன்னொண்ணுக்கும் உதவும்.

எஸ்சிஓன்னு (ஸ்பெஷல் கமிஷன்ட் ஆபீசர்) சர்வீஸ்ல இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு இருக்கு, 28-லேருந்து 35 வயசுக்காரங்களுக்கு. அதிகாரி ஆகிறதுக்கு நல்ல வழிதான். பறக்கணும்னு ஆசைப்படுறவங்க அதை நம்பி இருக்காதீங்க, வயசு இடம் கொடுக்காது.

விமானப்படை அதிகாரிகளுக்கான நுழைவுத் தேர்வு ஏஎப்கேட்டும் ஒரு வழி. பறக்கும் பிரிவுக்கு 20-லேருந்து 24 வயசு, பிளஸ் டூவுல கணக்கு, இயற்பியல் ரெண்டுலயும் தனித்தனியா 50 சதவீதம், பட்டத்துல 60 சதவீதம். பிளஸ் டூவுல நீங்க எந்த குரூப்னு சொல்லலை. காமர்ஸ், ஹிஸ்டரி குரூப்பா இருந்தா இதை விட்டுடுங்க, ராணுவ வழியில கமிஷன் வாங்க அந்தக் கட்டுப்பாடு இல்ல.

சரி, யூனிட்ல என்னென்ன தடுக்கும்னு சொல்றேன். ஏசிசி விண்ணப்பம் நின்னு போறதுக்குப் பெரிய காரணம் காகிதம்தான். பத்தாம் வகுப்பு சான்றிதழ்ல ஒரு இனிஷியல், சர்வீஸ் ரெக்கார்டுல அப்பா பேரோட நீட்டி எழுதினது, ஆதார்ல வேற மாதிரி. நம்ம தமிழ்நாட்டுப் பசங்களுக்கு இந்த இனிஷியல் தொல்லை ரொம்ப அதிகம். பார்ட் டூ ஆர்டர் (சர்வீஸ் விவரத்துல மாற்றத்தைப் பதியிற உத்தரவு) போட்டு ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்ல திருத்த மாசக்கணக்குல ஆகும், அதனால அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிங்க. அடுத்தது ஒழுங்கு நடவடிக்கை. ரெட் இங்க் என்ட்ரி, அதாவது தண்டனைப் பதிவு இருந்தா சி.ஓ. (கமாண்டிங் ஆபீசர்) பரிந்துரை கிடைக்கிறது கஷ்டம். லீவ் முடிஞ்சு ரெண்டு நாள் தாமதமா வந்தது கூட இந்த இடத்துல வந்து நிக்கும். மூணாவது மெடிக்கல் கேட்டகிரி, ஷேப் 1-ல, அதாவது முழு உடல் தகுதியில இருக்கணும். நாலாவது, அறிவிப்பு வர்ற நேரம் நீங்க பீல்டுலயோ கோர்ஸ்லயோ இருந்தா கடைசி தேதி தாண்டிடும். கம்பெனி கமாண்டரை முறைப்படி பார்த்து, "சார், எனக்கு ஏசிசி எழுதணும், சிடிஎஸ் எழுதணும்"னு முன்கூட்டியே சொல்லி வைங்க. ஹெட் கிளார்க்குக்கும் தெரிஞ்சிருக்கட்டும். பரீட்சைக்கு முன்னாடி ரெண்டு மாசம் டியூட்டியை அனுசரிச்சுக் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறதுல தப்பே இல்ல.

அடுத்தது எஸ்எஸ்பி. அஞ்சு நாள். இங்கதான் நல்ல ஜவான்கள் நிறைய பேர் வெளிய வர்றாங்க, காரணம் திறமைக் குறைவு இல்ல. பழக்கம். உத்தரவு வர்ற வரைக்கும் காத்திருக்கிறதும், பெரியவங்க பேசுறப்ப பேசாம இருக்கிறதும் யூனிட்ல நல்ல பேர் வாங்கிக் கொடுக்கும். ஆனா குரூப் டாஸ்க்ல எட்டு ஒன்பது பேர் நடுவுல, பலகையையும் கயித்தையும் வெச்சுக்கிட்டு ஒரு தடையைத் தாண்டணும்னா, "இந்தப் பலகையை இங்க போடலாம்"னு முதல்ல சொல்ற ஆளைத்தான் அவங்க தேடுறாங்க. இன்டர்வியூல எல்லாத்துக்கும் "எஸ் சார், நோ சார்"னு முடிச்சா உங்களைப் பத்தி அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. தினமும் யாராவது ஒருத்தர் கூட ஒரு செய்தியை எடுத்து, உங்க கருத்தைக் காரணத்தோட பத்து நிமிஷம் இங்கிலீஷ்ல பேசிப் பழகுங்க. உளவியல் தேர்வுல 60 வார்த்தை வரும், ஒவ்வொண்ணுக்கும் 15 வினாடி, அதுக்குள்ள ஒரு வாக்கியம். 60 சூழ்நிலைக்கு மொத்தம் 30 நிமிஷம். தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல மாத்தி எழுத அந்த நேரம் போதாது. யூடியூப்ல மனப்பாடம் பண்ணின வாக்கியத்தை எழுதாதீங்க, ஒரே வாக்கியத்தை நூறு பேர் எழுதுறதை அவங்க பார்த்துக்கிட்டே இருக்காங்க.

கமிஷன் ஆச்சுன்னு வெச்சுக்குவோம். காலாட்படையோ பீரங்கிப் படையோ, ஒரு பிரிவுல வேலை பார்ப்பீங்க. ஆர்மி ஏவியேஷன் கோர், 1986 நவம்பர் 1-ல தனிப் பிரிவா ஆரம்பிச்சது, விருப்பம் உள்ள அதிகாரிகளை மத்த பிரிவுகள்லேருந்து எடுக்கும். யூனிட்டுக்கு வர்ற கடிதத்துல வயசு, சர்வீஸ் வரம்பு போட்டிருப்பாங்க, அதைப் பார்த்துப் பேரைக் கொடுக்கணும். எப்படி நடக்கும்னு ஒரு உதாரணம், அபிலாஷா பராக். 2018 செப்டம்பர்ல வான் பாதுகாப்புப் பிரிவுல கமிஷன் ஆனாங்க. 2022 மே மாசம் கேப்டனா இருந்தப்ப நாசிக்ல விங்ஸ் (பைலட் ஆனதுக்கான பேட்ஜ்) வாங்கி, ராணுவத்தின் முதல் பெண் காம்பேட் ஏவியேட்டர் ஆனாங்க. கமிஷனுக்கும் விங்ஸுக்கும் நடுவுல மூணரை வருஷத்துக்கு மேல. இன்னொரு தகவலும் இருக்கு. 2021-ல பெண் அதிகாரிகள் 15 பேர் ஏவியேஷனுக்கு விருப்பம் கொடுத்தாங்க, திறன் தேர்வும் மெடிக்கலும் தாண்டி நாசிக் பயிற்சிக்குப் போனது 2 பேர்தான்.

அந்தத் திறன் தேர்வு பைலட் ஆப்டிட்யூட் பேட்டரி டெஸ்ட், இப்ப கம்ப்யூட்டர்ல நடக்கிறதை சிபிஎஸ்எஸ்னு சொல்வாங்க. ஒரு பகுதியில விமானக் கருவிகளைப் படிக்கத் தெரியணும்: உயரமானி, வேகமானி, திசைகாட்டி, செயற்கை அடிவானம். முள் எங்க நிக்குது, விமானம் ஏறுதா இறங்குதா, எந்தப் பக்கம் திரும்புதுன்னு வேகமா சொல்லணும். அடுத்தது கையும் காலும் சேர்ந்து வேலை செய்யிற சோதனை. ஸ்டிக்கும் பெடலும் வெச்சு, திரையில நகர்ற புள்ளியைக் கட்டத்துக்குள்ள நிறுத்தணும், நடுவுல எரியிற விளக்குக்கும் பதில் கொடுக்கணும். புள்ளி வெளிய போனதும் பதறிப் போய் ஸ்டிக்கை வேகமா இழுக்கிறவங்கதான் தோக்கிறாங்க. சின்னச் சின்ன அசைவா கொடுத்தா அதுவே உள்ள வரும். முந்தின ராத்திரி நல்லா தூங்கிட்டுப் போங்க, தூக்கம் கெட்டா இந்தச் சோதனையில உடனே தெரியும். விமானப்படையில இதுல ஒரு தடவை தோத்தா பறக்கும் பிரிவுக்கு வாழ்நாள் முழுக்க மறு வாய்ப்பு கிடையாது. அதனால சும்மா முயற்சி பண்ணிப் பார்க்கலாம்னு ஏஎப்கேட் வழியில போய் இதை எழுதாதீங்க.

மெடிக்கல் சாதாரண ஷேப் 1 மாதிரி இருக்காது. விமானப்படையின் அளவைச் சொல்றேன், உங்களை நீங்களே அளந்து பார்க்கலாம். உயரம் குறைஞ்சது 162.5 சென்டிமீட்டர். கால் நீளம் 99-லேருந்து 120, தொடை நீளம் 64-க்கு மேல போகக் கூடாது, உட்கார்ந்த உயரம் 81.5-லேருந்து 96. காக்பிட்டுக்குள்ள பெடல் எட்டணும், முட்டி பேனல்ல இடிக்கக் கூடாது, அதுக்குத்தான் இந்த அளவெல்லாம். கண் நிறம் பிரிச்சுப் பார்க்கிறதுல குறையே இருக்கக் கூடாது.

சோல்ஜர்களுக்குன்னு ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு காது. பயரிங் ரேஞ்ச்ல இயர் பிளக் போடாம நிக்கிறது பல இடத்துல வீரம் மாதிரி ஆகிப் போச்சு. துப்பாக்கிச் சத்தம் முதல்ல உயர் அதிர்வெண்ணைக் கேட்கிற உள் காது செல்களைத்தான் கெடுக்கும். பேச்சு நல்லாவே கேட்கும், அதனால உங்களுக்குத் தெரியாது, ஆடியோகிராம் எடுத்தா கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கீழ விழுந்திருக்கும். அது திரும்ப வராது. இன்னைக்கே இயர் பிளக் போட ஆரம்பிங்க. இன்னொண்ணு முதுகெலும்பு. ஹெலிகாப்டர்ல விடாம அதிர்வு இருக்கும், அதனால முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாங்க. வலியோட வெயிட் தூக்கிக்கிட்டு, ஊசி போட்டுக்கிட்டு ஓடாதீங்க. ஆரம்பத்துலயே காட்டிச் சரி பண்ணுங்க.

எல்லாம் தாண்டினா நாசிக் ரோடு, காம்பேட் ஆர்மி ஏவியேஷன் டிரெயினிங் ஸ்கூல். சேட்டக், சீட்டா ஹெலிகாப்டர்கள்ல படிச்சு வந்தவங்கதான் இன்னைக்கு ருத்ரா, பிரசண்ட் மாதிரி தாக்குதல் ஹெலிகாப்டர் வரைக்கும் ஓட்டுறாங்க. அங்க எல்லாரையும் திணற வைக்கிறது ஹோவர், அதாவது ஒரே இடத்துல அந்தரத்துல நிறுத்துறது. இடது கையில கலெக்டிவை (மேல ஏத்தி இறக்குற லீவர்) தூக்கினா இன்ஜினோட திருப்பு விசை கூடி மூக்கு ஒரு பக்கம் திரும்பும். அதைப் பெடலால பிடிச்சா வால் விசிறியோட தள்ளுவிசை மாறி மெஷின் பக்கவாட்டுல நகரும். அதை வலது கையில சைக்ளிக்கால (எந்தப் பக்கம் நகரணும்னு சாய்க்கிற ஸ்டிக்) சரி பண்ணினா உயரம் கொஞ்சம் குறையும், மறுபடி கலெக்டிவ். ஒண்ணைத் தொட்டா மூணும் மாறும். திறன் தேர்வுல கை, கால் ரெண்டையும் சேர்த்துச் சோதிக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

கடைசியா உங்க ரெண்டாவது கேள்வி. ஏவியேஷன் ஸ்குவாட்ரன்ல பராமரிப்பு வேலை முழுக்க டெக்னிகல் டிரேட் சோல்ஜர்கள் கையிலதான். ஏர்பிரேம், இன்ஜின், மின்சாரம், ஆயுதம்னு தனித்தனி ஆட்கள். ஆனா அது சேர்றப்பவே கிடைக்கிற டிரேட், ஜெனரல் டியூட்டியில இருந்து நடுவுல மாறுறது கஷ்டம். விமானப்படையில மி-17 ஹெலிகாப்டர்ல ரெண்டு பைலட்டோட பிளைட் இன்ஜினியரும் கன்னரும் பறப்பாங்க. அந்த இடத்துல அதிகாரி ரேங்க் இல்லாத ஜூனியர் வாரண்ட் ஆபீசர்கள் வேலை பார்க்கிறாங்க. இன்னும் எந்தப் படையிலயும் சேராத, பறக்கிற வேலை மட்டும் போதும்னு நினைக்கிற பசங்க விமானப்படை டெக்னிகல் டிரேடைப் பார்க்கலாம். நீங்க 22-ல இருக்கீங்க தம்பி, உங்களுக்கு ஏசிசியும் சிடிஎஸ்ஸும் ரெண்டுமே திறந்திருக்கு. இந்த வாரமே பத்தாம் வகுப்பு சான்றிதழையும் சர்வீஸ் ரெக்கார்டையும் பக்கத்துல வெச்சுப் பேரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகுதான்னு பாருங்க.