குறையாத தண்ணீர்ப் போத்தல்

வணக்கம் நேயர்களே. ஆசிரியர் நலன் என்றால் பள்ளிகளில் ஆண்டுக்கொரு சனிக்கிழமை சும்பா ஆட்டம், டி-சட்டை, நாசி லெமாக் பொட்டலம். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் திங்கட்கிழமை காலையில் அதே கால அட்டவணை, அதே தொண்டை. நலன் அந்த அட்டவணைக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

நம் மலேசியத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் மேசையைப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தல் இருக்கும். பகல் 12 மணிக்கு மறுபடி பாருங்கள், பாதிகூடக் குறைந்திருக்காது. மறதி என்று நினைக்காதீர்கள். குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும்; பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. அரைமணி நேரப் பாடம் நான்கு தொடர்ந்து விழுந்தால் இரண்டு மணி நேரம் அடக்க வேண்டும். அதனால் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் தொண்டைக்கட்டும் அங்கேதான் தொடங்குகின்றன.

தொண்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். சாதாரணமாகப் பேசும்போதே பெண் குரலில் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஈரம் இருந்தால் தாங்கும். வறண்ட தொண்டையோடு கத்தினால் வீங்கும்; வீங்கினால் குரல் எழும்பாது; எழும்பவில்லையே என்று இன்னும் கத்துவோம். வெட்டுக்கத்தி பிடித்த கையில் காய்ப்பு விழுவதுபோல் அங்கேயும் முடிச்சு விழும்.

கற்கண்டும் மிளகும் எச்சிலை ஊறவைக்கும், இதமாக இருக்கும். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாண் மேல் படுவதில்லை. அது உணவுக்குழாய் வழியே போய்விடுகிறது. தண்ணீரும் அப்படித்தான், உடம்பில் சேர்ந்து பிறகே அங்கே போய்ச் சேரும். ஆகவே குரல் கம்மிய பிறகு ஒரேயடியாகக் குடிப்பதைவிட, காலையிலிருந்தே பாடத்துக்கு நாலு மடக்கு குடிப்பது மேல். தொண்டையைச் செருமாதீர்கள், அதற்குப் பதில் எச்சிலை விழுங்குங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது மழையோடு போட்டி போடாதீர்கள், எழுத்துவேலை கொடுங்கள்.

ஒரு பயிற்சி. பாதிக் கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ரோவின் நுனி இரண்டு சென்டிமீட்டர் மூழ்கட்டும். உதட்டை இறுக்கி, 'ஊ' என்று மெல்லக் குரல் கொடுத்துக் குமிழி விடுங்கள். காலையில் இரண்டு நிமிடம், பள்ளி முடிந்ததும் இரண்டு நிமிடம். பலர் வெறும் காற்றை ஊதிவிட்டுப் பயனில்லை என்பார்கள். குரல் வர வேண்டும், உதட்டில் அதிர்வு தெரிய வேண்டும். குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் அரசாங்கக் கிளினிக்கில் காது மூக்கு தொண்டை மருத்துவருக்குக் கடிதம் கேளுங்கள். இரத்தம் வந்தால், விழுங்க முடியாவிட்டால், அன்றைக்கே போங்கள்.

இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தரலாம். மைக் வாயின் ஓரத்தில் இருக்கட்டும், நேர் முன்னால் வேண்டாம். அதை மாட்டிக்கொண்டும் பழக்கத்தில் கத்தினால் வாங்கிய காசு வீண்.

தலைமையாசிரியர்களே, ஓய்வு நேரத்துக்கு முன் இரண்டு பாடங்களுக்கு மேல் தொடர்ந்து போடாதீர்கள். முடியாதா, பக்கத்து வகுப்பு ஆசிரியர் நடுக்கதவில் நின்று இரண்டு வகுப்பையும் ஐந்து நிமிடம் பார்க்கும் ஏற்பாட்டை எழுத்தில் வையுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் கேட்கக் கூச்சப்படுவார்கள். 150 மாணவர்கூட இல்லாத பள்ளியில் ஒருவர் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் மற்றவர் தலையில்தான் எல்லாம் விழும். அங்கே இது இன்னும் அவசியம்.

இதைக் கேட்பது சலுகையல்ல. 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பொதுச் சேவையையும் உள்ளடக்கியது. 2024 ஜூன் 1 முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென ஓர் ஒருங்கிணைப்பாளர் வேண்டும். உங்கள் பள்ளியில் யார் என்று கேளுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். துப்புரவு அக்காமார்களையும் வாசல் பாதுகாவலர்களையும் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். ஒன்று மட்டும்: குத்தகை ஊழியர்கள் என்பதால் நலத்திட்டத்தில் அவர்களை விட்டுவிடாதீர்கள். 40 வயதாகி, அரசாங்கத்தின் ரஹ்மா உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு, குறைந்த வருமானத்தாருக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் இரத்தப் பரிசோதனை இலவசம். அந்தத் திட்டத்தில் சேர்ந்த கிளினிக்குக்கு அடையாள அட்டையோடு போகட்டும். அந்தக் காலைப் பொழுதுக்குச் சம்பளத்தில் பிடிக்காமல் அனுப்பிவையுங்கள். நன்றி, வணக்கம்.