பூக்கடை பில்லும் இரண்டு லைசென்ஸும்

நேயர்களுக்கு வணக்கம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நாங்கள் பில் போடும் மென்பொருள் எழுதினோம். விடியுமுன்னே மல்லிகை மூட்டை வந்து இறங்கிவிடும். தராசில் விழும் எடை நேராகக் கணினிக்குப் போக வேண்டும், விவசாயி கையில் சீட்டு வர வேண்டும். எடையைப் படிக்க ஒரு லைப்ரரி (வேறொருவர் எழுதி வைத்த, நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு), சீட்டு அச்சடிக்க இன்னொன்று. இரண்டும் இணையத்தில் கிடைத்த திறமூல லைப்ரரிகள், அதாவது யாரும் நிரலைப் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். எல்லாம் ஓடியது. கடையில் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போதுதான் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் லைசென்ஸ் ஃபைல்களைத் திறந்தேன். ஒன்று ஜி.பி.எல். பதிப்பு 2, மற்றது அப்பாச்சி 2.0.

இரண்டுமே நல்ல லைசென்ஸ்கள். ஆனால் ஒரே நிரலாகச் சேர்த்து அடுத்தவர் கையில் கொடுக்க முடியாது. 1991-இல் வந்த ஜி.பி.எல். 2, தன்னிடம் உள்ளதற்கு மேல் ஒரு கட்டுப்பாடும் சேர்க்கக் கூடாது என்கிறது. 2004-இல் வந்த அப்பாச்சி 2.0-இல் காப்புரிமை பற்றி ஒரு ஷரத்து: இந்த மென்பொருள் என் காப்புரிமையை மீறுகிறது என்று வழக்குப் போட்டால், அதில் உங்களுக்குக் கிடைத்த காப்புரிமை அனுமதி ரத்து. நியாயம்தான். ஆனால் ஜி.பி.எல். 2-க்கு அது கூடுதல் கட்டுப்பாடு. பக்கத்துப் பக்கத்து மனை இரண்டை வாங்குகிறோம். ஒரு பத்திரத்தில் பாதை விட வேண்டும், மற்றதில் பாதையே கூடாது என்றிருந்தால் வீடு எப்படிக் கட்டுவது?

லைசென்ஸ் ஃபைலோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலின் (நிரல் எழுதியிருக்கும் ஃபைல்) தலையிலும் நாலு வரி இருக்கும், அதைப் படியுங்கள். ‘பதிப்பு 2, அல்லது விருப்பப்பட்டால் அதற்குப் பிந்தைய பதிப்பு’ என்றிருந்தால் கவலை விட்டது. 2007-இல் வந்த பதிப்பு 3 அப்பாச்சி 2.0-ஐ ஏற்கும், மொத்தத்தையும் ஜி.பி.எல். 3-இல் கொடுத்துவிடலாம்.

எங்கள் ஜி.பி.எல். லைப்ரரியில் 11 ஃபைல். 10-இல் அந்த வரி இருந்தது. ஒன்றில் மட்டும் ‘பதிப்பு 2 மட்டும்’. அதை எழுதியவர் வேறு ஆள். கடைக்காரரிடம் “ஒரு வாரம் பொறுங்கண்ணே” என்று சொல்லிவிட்டு அவருக்கு மின்னஞ்சல் போட்டேன். எந்த ஃபைல், எந்த வரி, ஏன் இடிக்கிறது, எப்படி மாற்றினால் போதும் என்று நாலே வாக்கியம். ஆறாம் நாள் மாற்றித் தந்தார்.

கேட்கத் தயங்குகிறோம், அதுதான் என் ஆதங்கம். வீடியோ பார்க்கும் வி.எல்.சி. பிளேயரின் மையப் பகுதியை ஜி.பி.எல்-ஐ விடத் தளர்வான எல்.ஜி.பி.எல். லைசென்ஸுக்கு மாற்ற 2011-இல் முனைந்தவர்கள், பல வருடம் பலர் எழுதிய நிரலுக்கு ஆள் ஆளாகத் தேடிச் சம்மதம் கேட்டார்கள். பதிலே வராவிட்டால் லைப்ரரியை மாற்ற வேண்டியதுதான். அப்புறம், லைசென்ஸே போடாத நிரலைத் தொடாதீர்கள். அதற்கு அனுமதியே இல்லை என்று பொருள்.

சோர்ஸைப் பென் டிரைவில் போட்டு மென்பொருளோடு கொடுத்தோம். கடைக்காரர் அதைக் கல்லாவில் வைத்திருந்தார். கல்லூரியில் படிக்கும் அவர் மகள் எடுத்துத் திறந்து, சீட்டில் விவசாயியின் ஊர்ப் பெயரும் வருகிற மாதிரி செய்திருக்கிறாள்.